‘பிரேக் ஆங்கிள்’: முறிவுக்கோணமா, இறங்குகோணமா?

> அக்கூஸ்டிக் கிட்டார் பராமரிப்புக் கையேட்டில் ‘தந்தி அடிக்கடி அறுந்தால்’ என்ற பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். பலகைப்பக்கம் தந்தியைத் தாங்கும் எலும்புப் பட்டையான சேடிலைத் தாண்டியதும் தந்தி கீழ்நோக்கித் திரும்பும் கோணத்தைக் கிட்டார் செய்பவர்கள் பிரேக் ஆங்கிள் என்கிறார்கள். தந்தி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அறுகிறது என்பதால் ‘முறிவுக்கோணம்’ என்று வைத்திருக்கிறேன். ‘அறுகோணம்’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். குழுவின் கருத்து தேவை.

வணக்கம்.

கையேட்டுக்கு வாழ்த்துகள். தமிழில் இது கட்டாயம் வரவேண்டிய நூல். ஆனால் முறிவுக்கோணம் வேண்டாம். அந்தச் சொல் வாசகரைத் தவறான இடத்தில் அரத்தை வைக்கச் செய்துவிடும்.

பிரேக் ஆங்கிளில் வரும் ‘பிரேக்’ தந்தி அறுவதைப் பற்றியதே அல்ல. நேராக வந்த கோடு ஓரிடத்தில் திசை மாறுகிறதே, அந்தத் திருப்பத்தைத்தான் சொல்கிறது. முறிவுக்கோணம் என்று படிப்பவர் என்ன நினைப்பார்? கோணம் பெரிதாக இருப்பதால் தந்தி முறிகிறது, கோணத்தைக் குறைத்தால் முறியாது என்று நினைப்பார். உடனே சேடிலை உயரம் குறைய இழைக்கத் தொடங்குவார். சேடில் 1 மில்லிமீட்டர் குறைந்தால் கழுத்தில் குறுக்கே பதிந்த 12ஆம் மெட்டுக்கு (ஃப்ரெட்) மேலே தந்தியின் உயரம் அரை மில்லிமீட்டர் குறையும். தந்தி மெட்டுகளில் உரசி அதிரும். போதாததற்கு, சேடிலை அழுத்திப் பிடிக்கும் விசையும் குறையும். தந்தி 30 பாகை திரும்பினால், அது சேடிலை அழுத்தும் விசை அதன் இழுவிசையில் ஏறக்குறையப் பாதி. கோணம் சிறுத்தால் அந்த அழுத்தம் போய், ஒலியும் தளர்ந்துபோகும். இத்தனைக்குப் பிறகும் தந்தி அறுவது நிற்காது. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

அறுகோணமும் ஆகாது. ஆறு பக்கம் கொண்ட உருவத்துக்கு அது நிலைத்துவிட்ட பெயர். தந்தி விஷயத்தில் குழப்பம் இன்னும் கூடும், ஏனென்றால் இன்றைய சுற்றுத்தந்திகள் பலவற்றின் உள்கம்பி உண்மையிலேயே அறுகோண வடிவம்தான். சுற்றுக்கம்பி நழுவாமல் பிடித்துக்கொள்ளத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு அறுகோணம் வந்தால் வாசகர் தடுமாறுவார்.

என் பரிந்துரை இறங்குகோணம். தந்தி சேடிலின் உச்சியைத் தாண்டி எவ்வளவு சரிவாக இறங்குகிறது என்பதைத்தானே அளக்கிறோம்? பள்ளிக் கணிதத்தில் ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் படித்தவர்களுக்குக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளப்பது பழக்கமான செயல். கழுத்தின் மேல்முனையில் தந்தியைத் தாங்கும் நட்டுக்கு அப்பால் தலைப்பக்கம் தந்தி இறங்குவதற்கும் இதே சொல் பொருந்தும். வளைகோணம் என்றும் யோசித்தேன். விரலால் தந்தியைத் தள்ளிச் சுருதி ஏற்றுவதை ஏற்கெனவே வளைத்தல் என்று சொல்லத் தொடங்கிவிட்டோம், ஆகவே அதை விட்டுவிட்டேன். மடிகோணம் அழகான சொல்தான். ஆனால் மடிப்பு என்றாலே கூர்மையான கோடு மனதில் வரும், நாம் தவிர்க்கச் சொல்வதே அதைத்தான்.

அப்படியானால் தந்தி ஏன் அங்கே அறுகிறது? கையேட்டின் இந்தப் பகுதிக்கு உயிரே இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

25.5 அங்குல நீளத்தில், 0.012 அங்குலத் தடிமனுள்ள முதல் தந்தியை உரிய சுருதிக்கு ஏற்றினால் சுமார் 10.5 கிலோ இழுவிசை வரும். கம்பி மிக மெல்லியது என்பதால் குறுக்குவெட்டில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 145 கிலோ. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் இசைக்கருவிக்கு என்றே இழுக்கும் எஃகுக் கம்பி இதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு தாங்கும். இதில் இன்னொன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. அதே நீளம், அதே சுருதி என்றால் தந்தி தடிமனாக இருந்தாலும் மெல்லியதாக இருந்தாலும் சதுர மில்லிமீட்டர் கணக்கு மாறாது. தடித்த தந்திக்கு இழுவிசை கூடும், தாங்கும் பரப்பும் அதே அளவில் கூடும். ‘அறுகிறதா, தடித்த தந்தி போடு’ என்ற அறிவுரை கீறலையும் தேய்மானத்தையும் கொஞ்சம் தாக்குப்பிடிக்க உதவும், அவ்வளவுதான். சுருதியை ஏற்றினால் மட்டும் கணக்கு உடனே மாறும். அரைச்சுரம் ஏற்றினால் இழுவிசை 12 விழுக்காடும், முழுச்சுரம் ஏற்றினால் 26 விழுக்காடும் கூடும்.

ஆக, சரியான சுருதியில் நிற்கும் புதுத்தந்தி தானாக அறுவதற்கு வழியில்லை. எங்கோ ஒரு புள்ளியில் கூடுதல் சுமை விழுகிறது. சேடிலின் உச்சி கத்திமுனைபோல் இருந்தால், அதன்மேல் திரும்பும் கம்பியின் வெளிப்பக்கம் அளவுக்கு மீறி நீள்கிறது. அதோடு அந்த உச்சியில் கண்ணுக்குத் தெரியாத கூர்நீட்சி ஒன்று இருந்தால், ஒவ்வொரு மீட்டலுக்கும் அது கம்பியைக் கீறும். கீறல் வெடிப்பாகும், ஒருநாள் அறும். அந்தக் கூர்நீட்சிக்குப் பெயர் தேட வேண்டியதே இல்லை. பட்டறைக்காரர்கள் பிசிறு என்பார்கள். பாட்டுக் கேட்பவர்களும் குரலில் பிசிறு என்பார்கள். கலைச்சொல் பட்டியலில் முதல் வரியாக இதை வையுங்கள்.

சோதிப்பது எளிது. தந்தியைத் தளர்த்திவிட்டு, உச்சியின்மேல் கொஞ்சம் பஞ்சை இழுங்கள். பிசிறு இருந்தால் இழை மாட்டும். 400, பிறகு 600 எண் உப்புத்தாளால் உச்சியை உருட்டி மழுக்கினால் போதும். உயரத்தில் கை வைக்க வேண்டாம். தந்தி தங்கும் தடத்தைப் பழைய சுற்றுத்தந்தித் துண்டு ஒன்றால் முன்னும் பின்னும் தேய்த்தால் வழவழப்பாகும்.

கையேட்டில் இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: அறுந்த தந்தியை எறியாதீர்கள், எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள். சேடிலில் என்றால் பிசிறு. சுருதி கூட்டும் முறுக்காணியின் தண்டில் என்றால் துளையின் விளிம்பு கூர்மையாக இருக்கும், அல்லது தந்தியை அங்கே நறுக்கென்று மடித்திருப்பார்கள். நட்டில் என்றால் தடம் குறுகலாகித் தந்தியைக் கவ்வுகிறது. சுருதி கூட்டும்போது ‘டிங்’ என்று ஒலித்துச் சுருதி சட்டென்று தாவுவது அதன் அடையாளம். தடத்தில் மென்மையான பென்சில் கரியைத் தேய்த்தால் பல சமயம் சரியாகிவிடும். மீட்டும் இடத்திலேயே அறுந்தால் பிளெக்ட்ரம் (மீட்டும் வில்லை), கைவேகம், துரு மூன்றையும் பார்க்க வேண்டும். வாசித்து முடித்ததும் துணியால் துடைப்பது சின்ன வேலை, ஆனால் வியர்வைத் துருவைத் தள்ளிப்போட அதற்கு நிகர் இல்லை.

தந்தியின் அடிநுனியில் இருக்கும் குண்டுமுனைக்குப் பக்கத்தில் அறுவது தனி வகை. சுற்றுக்கம்பி இல்லாத வெறுந்தந்தியை அங்கே குண்டைச் சுற்றித் தன்மேலேயே முறுக்கியிருப்பார்கள். பலகைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் அடித்தகடு தேய்ந்தால் குண்டு மேலே ஏறிவிடும், முறுக்கு சேடிலின்மேல் வந்து உட்காரும். பழைய தந்தியிலிருந்து கழற்றிய குண்டு ஒன்றைக் கூடுதலாகக் கோத்தால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். தகட்டைச் சரிசெய்வதே உண்மையான தீர்வு.

கடைசியாக, சேடிலுக்கு என் பரிந்துரை சேணம். வீணையில் தந்தி ஏறி நிற்கும் பகுதிக்குக் குதிரை என்றே பெயர். கிட்டாரில் பலகைமேல் ஒட்டிய மரப்பகுதி குதிரை, அதன்மேல் செருகிய எலும்புப் பட்டை சேணம். குதிரையின்மேல் சேணம் இருப்பது இயல்புதானே.

> இறங்குகோணமும் பிசிறும் பிடித்திருக்கின்றன. குதிரையில்தான் தயக்கம். வீணையில் தந்தி குதிரையின் தட்டையான உலோகத் தகட்டின்மேல் அகலமாகப் படிகிறது. கிட்டாரில் தந்தியைத் தொடுவது அந்த எலும்புப் பட்டை. அப்படிப் பார்த்தால் சேடிலைத்தானே குதிரை என்று சொல்ல வேண்டும்? மெட்டும் அப்படியே. வீணையில் அது மெழுகில் பதிந்தது, கிட்டாரில் மரத்தில் அறைந்தது.

நல்ல கேள்வி ஐயா. வீணைக் குதிரையில் தாங்கும் கட்டையும் தந்தியைத் தொடும் தகடும் சேர்ந்து ஒரே பெயரில் இருக்கின்றன. கிட்டாரில் பட்டையைத் தனியாகக் கழற்றலாம், இழைக்கலாம், மாற்றலாம். அதனால்தான் இரண்டு பெயர் தேவைப்படுகிறது. ‘குதிரையை உப்புத்தாளால் தேயுங்கள்’ என்று எழுதினால் யாராவது பலகையில் ஒட்டிய மரத்தையே தேய்த்துவிடலாம். ‘சேணத்தின் உச்சியைத் தேயுங்கள்’ என்றால் கை சரியான இடத்துக்குப் போகும். வீணைத் தகட்டின் அகலம் ஒலியின் தன்மைக்காக அமைந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மெட்டைப் பொறுத்தவரை, எதில் பதிந்திருக்கிறது என்பதைவிட என்ன செய்கிறது என்பதே முக்கியம். தந்தியின் அதிரும் நீளத்தை விரலுக்கு முன்னால் வெட்டிக்கொடுக்கிறது, இரண்டிலும் அதுதான் வேலை. வீணையின் பிரடையை மட்டும் கிட்டாருக்குக் கொண்டுவர வேண்டாம். அது உராய்வால் நிற்கும் மரமுளை. கிட்டாரில் இருப்பது பற்சக்கர அமைப்பு. முறுக்காணி என்ற சொல்லே அதற்குப் போதும்.

கையேட்டின் அந்த வரியை இப்படி மாற்றலாம்:

‘தந்தி சேணத்தில் அறுந்தால் இறங்குகோணத்தைக் குறைக்காதீர்கள். சேணத்தின் உச்சியில் பிசிறு இருக்கிறதா என்று பஞ்சால் சோதித்து, உயரம் குறையாமல் மழுக்குங்கள்.’

இனி நட்டு ஒன்றுதான் பாக்கி. அப்படியே விட்டால் போல்ட் நட்டோடு குழம்பும். தலைமெட்டு என்று வைக்கலாமா? சில கிட்டார்களில் நட்டுக்கு அடுத்தே தனியாக ஒரு சுழிய மெட்டும் இருக்கும், அதற்கும் தலைமெட்டுக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். கிட்டார் பழுதுபார்ப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால், பட்டறையில் என்ன சொல்லிப் புழங்குகிறார்கள் என்று எழுதுங்கள். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்.