உதவி: பனங்கூடல் பின்னுக்குப் போகுதில்லை, படம் தட்டையாக் கிடக்கு

கேள்வி:
12×16 அங்குலக் கன்வஸ், அக்ரிலிக். யாழ்ப்பாணத்தில கோப்பாய்ப் பக்கம். முன்னுக்குச் செம்மண் ஒழுங்கையும் வேலியும், நடுவில தோட்டம், கடைசியில பனங்கூடல். பச்சை டியூப்பில இருந்தபடியே பூசினது. தூரத்துப் பனைக்கு வெள்ளை சேர்த்தன், சோக்கட்டி தேய்ச்ச மாதிரி வந்திட்டுது. நிழலுக்குக் கறுப்பு. எங்க பிழை?

மறுமொழி 1:
முதல்ல படத்தைப் போனில எடுத்து கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கோ. வேலியும் பனங்கூடலும் ஒரே சாம்பலாத் தெரிஞ்சால் பிழை நிறத்தில இல்லை, கருமை அளவில. மலைநாடெண்டால் மடிப்பு மடிப்பா மலை நிண்டு தூரத்தைக் காட்டும். எங்கட தரையில அது இல்லை, எல்லாம் கலவையாலதான் காட்டவேணும்.

வெள்ளையை மட்டும் சேர்த்தால் பச்சை வெளிறும், தூரம் போகாது. இடையில இருக்கிற காத்து நீல ஒளியைச் சிதறடிக்கிறதாலதான் தூரத்து மரம் நீலம் பாயுது. அதால, அடிவானத்துக்குப் பூசின அதே ஆகாயக் கலவையில 3 பங்கு எடுத்து 1 பங்கு பச்சையைக் கலவுங்கோ, அது பனங்கூடலுக்கு. தோட்டத்து மரங்களுக்குப் பாதிக்குப் பாதி. வேலிக்கு ஆகாயம் வேண்டாம். பங்கு கண்மட்டம்தான், கன்வஸில தொட்டுப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கோ.

மறுமொழி 2:
அதோட, அக்ரிலிக் காய்ஞ்சால் ஒரு படி கறுக்கும். நிறத்தோட கலந்து, ஈரத்தில பால் மாதிரி இருக்கிற பசை காயேக்க தெளியிறதுதான் காரணம். துண்டுக் கடதாசியில பூசிக் காயவிட்டுப் பார்க்காமல் தூரத்து நிறத்தை முடிவு பண்ணாதேங்கோ.

தூரத்துப் பனையில ஓலை ஓலையாக் கீறவேண்டாம். கூடலை ஒரே திரளாப் போட்டு, விளிம்பை ஈரத்தூரிகையால கரைச்சு, நாலைஞ்சு இடத்தில மட்டும் ஆகாய ஓட்டை விடுங்கோ. ஓட்டைக்குள்ள ஆகாயம் வெளி ஆகாயத்தைவிடக் கொஞ்சம் கறுப்பா இருக்கவேணும். இல்லையெண்டால் வெள்ளைப் பொட்டு ஒட்டின மாதிரி முன்னுக்கு வந்து நிக்கும்.

கேட்டவர்:
ஒழுங்கை நிழல்? கறுப்பை எறிஞ்சிடவோ?

மறுமொழி 1:
செம்மண் நிழலுக்குக் கறுப்பு போட்டால் சேறாகும். பேர்ண்ற் சியன்னா எண்ட செம்பழுப்பு நிறத்தில அல்ற்றாமரீன் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேருங்கோ, நிழலுக்குள்ளயும் மண்சிவப்பு தெரியும். கறுப்பை எறியவேண்டாம். லெமன் மஞ்சளில துளிக் கறுப்பு விட்டால் மங்கின ஒலிவ் பச்சை வரும். வேலியடி வடலிக்கு அது நல்லாப் பொருந்தும்.