கெல்டிக் கொப்பரை டென்மார்க்கில் எப்படி? கிம்ப்ரிகள் யார்?

கடலோடி:
போன மாதம் கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் குண்டெஸ்ட்ரப் கொப்பரையைப் பார்த்தேன். ஏறக்குறைய 9 கிலோ வெள்ளி! 1891-இல் டென்மார்க்கின் ஹிம்மர்லாந்தில் சதுப்பு நிலத்தை வெட்டியவர்களுக்குக் கிடைத்தது. மான்கொம்பு முளைத்த சாமி, ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்த ஊதுகொம்புகள்... எல்லாமே கெல்டிக் (மேற்கு, நடு ஐரோப்பாவின் பழங்குடி மக்களான கெல்டுகளின்) சாயல். ஆனால் டென்மார்க் ஜெர்மானிய மொழி பேசிய பழங்குடிகளின் மண் அல்லவா? ஹிம்மர்லாந்து என்ற பெயரே கிம்ப்ரிகள் என்ற பழங்குடியிடமிருந்து வந்தது என்கிறார்கள். ரோமோடு மோதிய அவர்களின் அரசன் பெயரோ போயோரிக்ஸ். அரசன் என்று பொருள்படும் 'ரிக்ஸ்' கெல்டிக் ஆச்சே?

பழஞ்சொல்:
பெயரை வைத்து இனம் சொல்லாதீங்க. நம்மில் எத்தனை பேருக்குத் தமிழ்ப் பெயர் இருக்கு? ஆனால் 'ரிக்ஸ்' அருமையான தடயம். லத்தீனில் 'ரேக்ஸ்'. இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூல மொழியின் நெடில் 'ஏ', கெல்டிக்கில்தான் 'ஈ' ஆகும்; ஜெர்மானியத்தில் ஆகாது. ஆனாலும் இன்றைய ஜெர்மன் 'ரைஷ்' (அரசு, பேரரசு) அந்த 'ஈ' வழியாக வந்ததுதான். அப்படியென்றால் கெல்டுகளிடம் வாங்கிய கடன். இரும்பைக் குறிக்கும் 'ஐசன்' சொல்லும் அப்படியே என்பது பலர் கருத்து. ஆள்கிறவனுக்கும் ஆயுதத்துக்கும் பக்கத்து வீட்டுச் சொல்!

மண்வெட்டி:
கொப்பரையில் உள்ள வெள்ளி வேலைப்பாடு திரேசியப் பாணி, பல்கேரியா பக்கம். தகடுகளைக் கழற்றி அடுக்கித்தான் வைத்திருந்தார்கள். பொருள் நடக்கும், மக்கள் நடக்க வேண்டியதில்லை.

கடலோடி:
அப்போ கிம்ப்ரிகள்?

பழஞ்சொல்:
ஜெர்மானியர் என்பதே பெரும்பான்மைக் கருத்து. ரைன் நதியைக் கோடாகப் போட்டுக் கெல்டுகளையும் ஜெர்மானியரையும் பிரித்தவர் ரோமத் தளபதி சீசர்; கிம்ப்ரிகள் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, கி.மு. 101-இல் வட இத்தாலியின் வெர்செல்லேயில் ரோமிடம் தோற்றுவிட்டார்கள்.