புதிய அதிபரிடம் எவ்வளவு எதிர்பார்ப்பது நியாயம்?

முல்லைப்பந்தல் கேட்கிறார்:

வணக்கம். நான் வசிக்கும் நாட்டில் அதிபர் தேர்தல் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. நான் வேலை செய்த வேட்பாளர் வென்றுவிட்டார், பதவியும் ஏற்றுவிட்டார். எந்த நாடு என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் இந்த இழை கட்சிச் சண்டையாகிவிடும்; எனக்கு வேண்டியது வேறு.

ஐந்து மாதம், ஒரு சனி ஞாயிறு விடாமல், கையில் துண்டுப் பிரசுரத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். கதவைத் திறந்தவர்களிடம் நான் சொன்ன சொற்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். "இவர் வந்தால் இது நடக்கும், அது நடக்கும்" என்று நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

முடிவு அறிவித்த இரவில் என் மகள் (பதினேழு வயது) அழுதுவிட்டாள். "இனிமேல் எல்லாம் மாறிவிடும், இல்லையா அம்மா?" என்று கேட்டாள். என் அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து, "ஆறு மாதம் கழித்துப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். ஆறு வாரம்கூடத் தேவைப்படவில்லை. பழைய ஆட்சியில் இருந்த ஒருவரையே நிதிப் பொறுப்புக்கு நியமித்தவுடன் எங்கள் பிரசாரக் குழு இரண்டாகப் பிளந்துவிட்டது. பாதிப் பேர் துரோகம் என்கிறார்கள். மீதிப் பேர், "இப்போதுதானே வந்திருக்கிறார், வாயைத் திறக்காதே" என்கிறார்கள்.

எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. எதை எதிர்பார்ப்பது நியாயம்? எத்தனை காலம் பொறுப்பது? ஏமாந்துவிட்டோம் என்று எந்த இடத்தில் சொல்லலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

அச்சுக்கோப்பு எழுதுகிறார்:

அம்மா, நான் ஒரு தமிழ் நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் இருபத்தாறு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவன். புதிய அதிபர்கள் வருவதையும், அவர்களைப் பற்றிய தலைப்பின் எழுத்து மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே போவதையும் என் கையால் பார்த்திருக்கிறேன்.

ஓர் இரவைச் சொல்கிறேன். 2008 நவம்பர் 5. சிகாகோவின் கிராண்ட் பார்க்கில் ஒபாமா பேசிய வெற்றியுரை, நேர வித்தியாசத்தால், நமக்குக் காலையில் வந்தது. மாலையில் அதைத் தமிழாக்கிப் பக்கத்துக்குத் தர வேண்டியவன் நான். "மாற்றம் வந்துவிட்டது" என்பதைத் தலைப்பாக எடுத்தோம். பக்கம் கட்டுபவர் வந்து, நான்கு வரி மிஞ்சுகிறது, எதையாவது வெட்டுங்கள் என்றார். நான் வெட்டிய நான்கு வரி எது தெரியுமா? "நம் முன்னால் இருக்கும் பாதை நெடியது. ஏற்றம் செங்குத்தானது. ஓராண்டில் போய்ச் சேராமல் போகலாம், ஒரு பதவிக்காலத்திலும்கூடச் சேராமல் போகலாம்" என்று அவர் சொன்ன பகுதியை. செய்தி என்ற கணக்கில் அதில் சுவை இல்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. மறுநாள் எங்கள் வாசகர்கள் படித்த ஒபாமா, எச்சரிக்கையே செய்யாத ஒபாமா. அந்த நான்கு வரியை வெட்டியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

பதவியேற்ற இரண்டாம் நாளே, 2009 ஜனவரி 22 அன்று, பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடித்தவர்களை அமெரிக்கா அடைத்து வைத்திருந்த குவான்டனாமோ சிறையை ஓராண்டுக்குள் மூட வேண்டும் என்று அவர் உத்தரவில் கையெழுத்திட்டார். அந்தச் செய்தியும் என் மேசைக்குத்தான் வந்தது. மூன்று பத்தித் தலைப்புப் போட்டோம். மே மாதம் செனட் சபை அதற்கான பணத்தை மறுத்துவிட்டது, 90க்கு 6 என்ற வாக்கில். அதாவது அவருடைய சொந்தக் கட்சியினரில் பெரும்பாலோரும் எதிர்த்து வாக்களித்தார்கள். அது உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாகப் போனது. அவர் வந்தபோது அங்கே 242 கைதிகள். எட்டு ஆண்டு கழித்து வெளியேறியபோது 41 பேர். சிறை மூடப்படவில்லை. இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? இருநூறு பேர் வெளியே போனது பெரிய காரியம். வாக்குறுதி நிறைவேறவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாகக் கையில் வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். உங்கள் குழுவில் இரு பக்கத்தாருக்கும் அதுதான் முடியவில்லை.

"முதல் நூறு நாள்" என்று எல்லாரும் அளக்கிறார்களே, அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1933 மார்ச்சில் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அதிபராக வந்தபோது தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் வரிசையாகக் கதவடைத்துக்கொண்டிருந்தன. மார்ச் 9 அன்று கொண்டுவந்த வங்கிச் சட்டம் அன்றே இரு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களில் 313 அவர் கட்சியுடையவை. வீடு பற்றி எரியும்போது, வாளி தூக்க அத்தனை பேர் கூட நின்ற காலத்து வேகம் அது. அதை எடுத்துவந்து, பெரும்பான்மை இல்லாத ஓர் அதிபரின் தலையில் வைத்து அளப்பது முறையல்ல. கென்னடி இதை உணர்ந்திருந்தார் போலும். பதவியேற்பு உரையிலேயே, "இவை எல்லாம் முதல் நூறு நாளில் முடியாது, முதல் ஆயிரம் நாளிலும் முடியாது" என்றார். ஆயிரம் நாளைக் கொஞ்சம் தாண்டியபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கேட்ட குடிமை உரிமைச் சட்டம் 1964இல், அடுத்தவர் காலத்தில்தான் வந்தது.

எனவே நான் சொல்லும் வழி இது. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளாதீர்கள், பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதம் நீங்கள் சுமந்த அந்தத் துண்டுப் பிரசுரம் ஒன்று வீட்டில் இருக்கும். அதை மேசையில் விரித்து, ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே, இது யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். அதிபர் தன் பேனாவால் மட்டும் செய்யக்கூடியது எது, சட்டமன்றம் கைதூக்க வேண்டியது எது, கஜானாவில் பணம் இருந்தால்தான் நடக்கும் என்பது எது, யார் வந்தாலும் பத்தாண்டு பிடிக்கும் என்பது எது. முதல் வகையில் தவணையே கொடுக்காதீர்கள். இரண்டாவதில், மசோதா போயிற்றா, அதற்காக அவர் உண்மையாகவே மல்லுக்கு நின்றாரா என்று பாருங்கள். மூன்றாவதற்கு வரவுசெலவுத் திட்டம் வரட்டும்; மேடைப் பேச்சில் இடம் பிடித்தது அதில் எத்தனை வரியாக வந்திருக்கிறது என்று தேடுங்கள். ஒரு வரியும் இல்லையென்றால் துரோகம் என்று அப்போது சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து சொல்கிறேன்.

நிதிப் பொறுப்புக்குப் பழைய ஆள் வந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. புதிய அதிபர்கள் பலர், கடன் கொடுத்தவர்கள் மிரளாமல் இருக்க முதலில் இப்படித்தான் செய்வார்கள். அந்த ஆளிடம் என்ன வேலை கொடுக்கிறார் என்பதே கேள்வி.

---

வழக்கேடு எழுதுகிறார்:

மேலே ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் அரசியலமைப்புச் சட்டம் கற்பிப்பவன்.

நம் மொழியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. அதிபர், ஜனாதிபதி, குடியரசுத் தலைவர் என்று மூன்று சொல் வைத்திருக்கிறோம். மூன்றும் ஒரே பதவி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இந்தியக் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். அமெரிக்க அதிபருக்கு ஆட்சி கையில் உண்டு, ஆனால் பணப்பை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசிடம். பிரான்சில் மக்ரோன் 2022 ஏப்ரலில் மீண்டும் வென்றார். ஜூனில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் பெரும்பான்மையை இழந்தார். இலங்கையில் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் வென்றபோது 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் அவர் அணிக்கு இருந்தது 3 பேர். நவம்பர் தேர்தலுக்குப் பிறகு 159 பேர். செப்டம்பரில் அவரிடம் ஒரு சட்டத்தைக் கேட்டிருந்தால் அவரால் தந்திருக்க முடியாது. நவம்பருக்குப் பின் கேட்டால், முடியாது என்று அவர் சொல்ல முடியாது. ஆள் ஒருவர்தான், எதிர்பார்ப்பின் அளவு இரண்டே மாதத்தில் மாறிவிட்டது. சகோதரி முதலில் தம் நாட்டின் அவையில் எண்ணிக்கையைப் பார்க்கட்டும்.

நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்லும் கதை இலங்கையின் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுடையது. 2015 ஜனவரியில் நூறு நாள் வேலைத்திட்டத்தோடு வந்தார். பட்டியலில் பல நடக்கவில்லை. ஆனால் அவரது அதிகாரத்தையே குறைக்கும் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம், நூறு நாள் கடந்து, ஏப்ரல் 28 அன்று 212 வாக்குகளோடு நிறைவேறியது. நாடாளுமன்றத்தை நாலரை ஆண்டுக்கு முன் ஜனாதிபதி தன் விருப்பத்துக்குக் கலைக்க முடியாது என்பது அதில் ஒரு விதி. 2018 நவம்பரில் அவரே கலைத்தார். டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்ற அமர்வின் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் அது செல்லாது என்றார்கள். எந்த விதியை வைத்து? மூன்றரை ஆண்டுக்கு முன் அவரே முன்னின்று கொண்டுவந்த விதியை வைத்து. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. பின்னாளில் 20ஆம் திருத்தம் அதில் பெரும்பகுதியை அழித்தது என்பதும் உண்மையே.

புதிதாக வந்தவர் நல்லவரா என்று கேட்பதை நான் நிறுத்திப் பல காலமாயிற்று. நாளைக்கு அவர் தவறினால் அவரையே தடுக்கும் ஏதாவது ஒன்றை, செல்வாக்கு இருக்கும் இந்த முதல் ஆண்டிலேயே செய்கிறாரா என்று பார்க்கிறேன். அதற்குப் பணம் தேவையில்லை.

---

நெடுஞ்சாலை எழுதுகிறார்:

நான் கொஞ்சம் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். "நடைமுறையைப் புரிந்துகொள்" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு என் தலைமுறை நரைத்துவிட்டது. கடன் இருக்கிறது, அவையில் எண்ணிக்கை இல்லை, முன்னவர் கெடுத்துவிட்டார் என்று ஒவ்வொரு அதிபரும் சொல்கிறார். எல்லாம் உண்மையாகவும் இருக்கிறது. அந்த உண்மைக்குள் ஒளிந்துகொண்டே ஐந்து ஆண்டு ஓட்டிவிடுகிறார்கள்.

பணமும் சட்டமும் வேண்டாத காரியங்கள் எத்தனை! கஜானாவில் எவ்வளவு இருக்கிறது என்று மக்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்வது. உறவினரைப் பதவியில் அமர்த்தாமல் இருப்பது. கடினமான கேள்வி கேட்கும் நிருபரை முன்வரிசையில் உட்கார வைப்பது. தனக்கு வாக்களிக்காத பகுதிக்கு முதல் மாதத்திலேயே போய் நிற்பது. இவற்றில் ஒருநாள்கூடப் பொறுக்கக் கூடாது. மண்டேலா ஒரு பதவிக்காலத்தோடு 1999இல் விலகினார். நின்றிருந்தால் யாரும் தடுத்திருக்கப் போவதில்லை. அந்த முடிவுக்கு எந்த அவையின் வாக்கும் தேவைப்படவில்லை.

அச்சுக்கோப்பு ஐயா, உங்கள் பட்டியலில் இதற்கென்று தனியாக ஒரு பகுதி வேண்டும்.

---

அச்சுக்கோப்பு எழுதுகிறார்:

ஒப்புக்கொள்கிறேன். அதை முதல் பகுதியாகவே வைத்துக்கொள்வோம்.

---

முல்லைப்பந்தல் எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி நேற்று இரவு பிரசுரத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது, பின்னால் டேப் ஒட்டினேன். மொத்தம் பன்னிரண்டு வாக்குறுதிகள். மகள் பென்சிலோடு உட்கார்ந்துகொண்டாள். அதிபரின் பேனா போதும் என்பவை மூன்று. சட்டமன்றம் கைதூக்க வேண்டியவை ஐந்து. பணம் வேண்டியவை மூன்று. கடைசி ஒன்று, "புதிய தேசம் படைப்போம்" என்பது. அது யார் கையில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை, வெறுமையாக விட்டோம். நெடுஞ்சாலை சொன்னவற்றைத் தனித்தாளில் எழுதி மேலே செருகினோம். அவற்றில் இரண்டு ஏற்கெனவே நடந்துவிட்டன என்பதை நான் கவனிக்கவே இல்லை. உறவினர் நியமனம் இதுவரை இல்லை. கஜானாவின் நிலையைப் பதவியேற்ற மறுவாரமே வெளியிட்டுவிட்டார்.

வீட்டுக்கதவுகளில் நான் கொடுத்த வாக்கு இன்னும் உறுத்துகிறது. சட்டமன்றம் முதல் மசோதாவை எடுத்துக்கொள்ளும் நாளுக்குப் பிறகு, அதே தெருக்களுக்கு இந்தத் தாளோடு மறுபடி போகலாம் என்றிருக்கிறேன். போன முறை திட்டிக் கதவைச் சாத்தியவர்கள் வீட்டுக்கும்.

அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை முழுதும் படித்தார். "எல்லாரும் ஒன்றுதான்" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். மகளிடமிருந்து பென்சிலை வாங்கி, பேனா போதும் என்ற மூன்றுக்கும் எதிரே ஒவ்வொரு தேதி எழுதினார். மூன்றாவது தேதியை ஒருமுறை அழித்து, ஒரு மாதம் தள்ளிப் போட்டார். பிறகு படுக்கப் போய்விட்டார்.