கலைச்சொல் வேண்டுகோள்: ஃபயர்வால் டாம்பரிங்

அன்புள்ள குழுவினருக்கு,

கணினிக் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றின் எச்சரிக்கைகளைத் தமிழாக்கி வருகிறோம். வலைப்போக்குவரத்தை விதிகளின்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் ஃபயர்வாலுக்குத் தீச்சுவர் என்றும், வலையில் இணைந்த பயனர் கணினியான எண்ட்பாயின்ட்டுக்குக் கடைமுனை என்றும் வைத்துக்கொண்டோம். முனையம் என்றால் டெர்மினலோடு குழம்பும். டாம்பரிங்தான் பாக்கி, அதாவது உரிமையின்றி அமைப்பை மாற்றுவது. "தீச்சுவர்ச் சிதைப்பு" என்று போடலாமா?

*

> தீச்சுவர்ச் சிதைப்பு என்று போடலாமா?

வேண்டாம் என்பேன். சிதைப்பு என்றால் இருந்தது உடைந்திருக்க வேண்டும். இந்த எச்சரிக்கை எழும் இடங்கள் பலவற்றில் எதுவும் உடைவதில்லை, புதிதாக ஒன்று சேர்கிறது.

விண்டோஸையே பாருங்கள். வலையமைப்பு அமைப்புகளை மாற்றும் நெட்ஷ் கட்டளையால், வலையின் வகைக்கேற்பத் தீச்சுவர் வைத்திருக்கும் டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்று சுயவிவரங்களையும் அணைப்பது ஒரு வகை. தீச்சுவருக்கென்று உள்ள பதிவேட்டில் (லாக்) அது 2003 என்ற நிகழ்வெண்ணோடு விழும். தொலைமேசைக்கான (ரிமோட் டெஸ்க்டாப்) 3389 போர்ட்டை எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிடும் உள்வரு விதி இன்னொரு வகை, அதற்கு 2004. விண்டோஸ் 11இல் இதே விதிச் சேர்ப்பு 2097 என்று வரும். பழைய எண்ணை மட்டும் தேடுகிறவர்கள் புதிய கணினிகளைக் கோட்டைவிடுகிறார்கள். மூன்றாவது வகை நீக்கம்: விதியை நீக்கினால் 2006, மொத்தமாகத் துடைத்தால் 2033 (விண்டோஸ் 11இல் இவற்றின் எண்களும் வேறு).

ஆபத்தானது நான்காவது வகை: கண்காணிப்பு முகவர், அதாவது கணினியில் ஓடித் தகவல் அனுப்பும் நிரல், தன் சேவையகத்தோடு பேசுவதைத் தடுக்கும் வெளிச்செல் விதி. இங்கே தீச்சுவர் முன்பைவிட இறுக்கமாகிறது! முகவரை இப்படி வாயடைக்கும் இடிஆர்சைலன்சர் போன்ற கருவிகள் தீச்சுவரின் விதிப்பட்டியலைத் தொடுவதே இல்லை. தீச்சுவருக்கு அடித்தளமாக உள்ள விண்டோஸ் ஃபில்டரிங் பிளாட்ஃபார்மில் நேரே வடிகட்டியைச் செருகிவிடுகின்றன. அப்போது 2004 வராது. செக்யூரிட்டி பதிவேட்டில் 5447 வரும், அதுவும் உரிய தணிக்கை உட்பிரிவை முன்பே இயக்கி வைத்திருந்தால்தான். வந்தாலும் வாயடைக்கப்பட்ட முகவர் அதை வெளியே அனுப்ப முடியாது. ஆகவே சேவையகப் பக்கத்தில் இன்னொரு சோதனை வேண்டும்: நிறுவனக் கணக்குகளைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரில் கணினி உள்நுழைகிறது, முகவரிடமிருந்து மட்டும் தகவல் இல்லை என்றால் உடனே எச்சரிக்கை எழ வேண்டும்.

அணைப்பு, திறப்பு, நீக்கம், தடுப்பு ஆகிய நான்கையும் தாங்கும் சொல் பேச்சிலேயே இருக்கிறது. "சர்வர்ல யாரோ கை வெச்சிருக்காங்க" என்றுதானே சொல்கிறோம். தீச்சுவர்க் கைவைப்பு என்பது என் பரிந்துரை. தொட உரிமையற்றவர் தொட்டார் என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

*

கைவைப்பு நல்ல சொல். ஆனால் எச்சரிக்கை எழுந்த அந்த நொடியில் அதைத் தலைப்பாகப் போடக் கூடாது. 2004 நிகழ்வுகளில் பெரும்பகுதி குற்றமற்றவை. ஒரு பயனர் முதன்முறை உள்நுழையும்போது ஸ்டோர் செயலிகளுக்கான விதிகளை விண்டோஸே கொத்தாகச் சேர்க்கிறது. குரோம், உள்வலையில் கருவிகளைக் கண்டறிய உதவும் எம்டிஎன்எஸ் விதியைத் தானே போட்டுக்கொள்கிறது. லினக்ஸில் போர்ட்டை வெளியே திறக்கும் டாக்கர் கன்டெய்னர் (தனித்து ஓடும் செயலிப் பொதி) கிளம்பும்போது, அங்கே தீச்சுவர் விதிகளை வைத்திருக்கும் ஐபிடேபிள்ஸ் மாறுகிறது. இதற்கெல்லாம் கைவைப்பு என்று அலறினால் ஒரே வாரத்தில் எச்சரிக்கையை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

ஐயம் எழுவது சூழலை வைத்துத்தான். 2004இல் மாற்றிய பயனர், மாற்றிய செயலி என்று இரண்டு புலங்கள் உண்டு. செக்யூரிட்டி பதிவேட்டின் 4946இல் அவை இல்லை, அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மாற்றிய செயலி நெட்ஷ், அதைக் கிளப்பிய தாய்ச்செயல் வேர்ட் அல்லது வலைச் சேவையகம் என்றால் ஐயப்படலாம். விதி அனுமதிக்கும் கோப்பு டெம்ப் அடைவில் இருந்தாலும் அப்படியே. ஒரு பொறி: பவர்ஷெல் வழியாக விதி சேர்த்தால் அந்தப் புலத்தில் பவர்ஷெல் பெயர் வராது, விண்டோஸின் நிர்வாக இடைமுகமான டபிள்யூஎம்ஐ-யின் சேவைச் செயலி பெயர்தான் வரும். அதே நேரத்தில் ஓடிய பவர்ஷெல் கட்டளையைத் தனியாக எடுத்து ஒட்டிப் பார்க்க வேண்டும். விதியைப் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) நேரே எழுதியிருந்தால், மைக்ரோசாஃப்டின் கண்காணிப்புக் கருவியான சிஸ்மானின் 13ஆம் நிகழ்வைப் பாருங்கள்.

எனவே மூன்று படி வைக்கலாம். பதிவானது எல்லாம் தீச்சுவர் மாற்றம். மேலே சொன்ன சூழல் பொருந்தினால் ஐயுறு மாற்றம். ஆய்வாளர் உறுதி செய்த பிறகே கைவைப்பு.

*

மூன்று படியையும் ஏற்கிறேன். எச்சரிக்கை வரி இப்படி அமையும்: "ஐயுறு தீச்சுவர் மாற்றம்: 3389 திறக்கப்பட்டது, மாற்றிய செயலி நெட்ஷ்." ஆய்வாளர் வழக்கை மூடும் பட்டியலில் மட்டும் "கைவைப்பு உறுதி" இருக்கும். புலப்பெயர்களை "கைவைத்தவர்" என்று மாற்றப்போவதில்லை. மாற்றிய பயனர் என்பதே நடுநிலையாக இருக்கிறது.

லினக்ஸ் பக்கம் விதிகளை மொத்தமாக அழிக்கும் ஃபிளஷ் என்பதற்கு விதித் துடைப்பு என்று வைக்கிறேன். அதன் விளக்கக் குறிப்பில், துடைத்தாலும் இயல்புக் கொள்கை (எந்த விதிக்கும் பொருந்தாத போக்குவரத்தை என்ன செய்வது என்பது) மாறாது என்று சேர்த்துவிடுகிறேன். உள்வரவுக்கான இயல்புக் கொள்கை டிராப் (கைவிடு) என்று இருக்கும்போது துடைத்தால் கணினி திறந்துகொள்ளாது, தொலைவிலிருந்து நிர்வகிக்கும் எஸ்எஸ்எச் இணைப்பே அறுந்துபோகும். ஆகவே அந்த எச்சரிக்கையில் "தீச்சுவர் முடக்கப்பட்டது" என்று எழுதினால் தவறு. "விதிகள் துடைக்கப்பட்டன, இயல்புக் கொள்கை: டிராப்" என்று இரண்டையும் காட்டும்படி நிரலாளர்களிடம் கேட்டிருக்கிறேன்.