பழைய தேயிலை ஃபேக்டரிக்குள்ள பௌலிங் லேன்: 80 அடி போதுமா?

கோத்தகிரி தச்சுப்பட்டறை:
வணக்கம். 20 வருஷமா கதவு, ஜன்னல், கட்டில் செய்யறேன். எங்க ஊர்ல மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஃபேக்டரியை ஹோம்ஸ்டே ஆக்குறாங்க. ரோலர் ஓடின ஹால்ல ஒரு பௌலிங் லேன் (பந்தை உருட்டி விட்டு, கடைசியில நிக்கிற 10 பின்கிற கட்டைங்களைச் சாய்க்கிற தளம்) போட்டுத் தரச் சொல்றாங்க. நீளம் 80 அடி, அகலம் 9 அடி. சில்வர் ஓக் பலகை நிறைய இருக்கு. அதுலயே போடலாமா?

குன்னூர் பையன்:
லேன் 60 அடிதானே அண்ணே. தாராளமா போதும்.

லேன் மெக்கானிக்:
பத்தாது தம்பி. 60 அடிங்கறது ஃபவுல் லைன்ல (பந்தை விடறவர் தாண்டக் கூடாத கோடு) இருந்து முதல் பின் வரைக்கும்தான். மத்த 9 பின்னும் அதுக்குப் பின்னாடி நிக்கணும். பின்னெல்லாம் நிக்கிற இடம் (பின் டெக்) முடியறப்ப கிட்டத்தட்ட 63 அடி. ஓடி வந்து பந்தை விடற அப்ரோச் குறைஞ்சது 15 அடி. மிச்சம் 2 அடிதான், அதுல பந்து விழற குழியே அடங்காது, பின்னை அடுக்கற மெஷினை எங்க வைப்பீங்க? அகலம் கவலையில்ல, லேன் 41½ அங்குலம், ரெண்டு பக்கமும் இருக்கற கட்டர் (பந்து விலகினா விழற பள்ளம்) சேர்த்து 5 அடி.

சில்வர் ஓக் வேண்டவே வேண்டாம். 16 பவுண்டு பந்தைச் சில பேர் தொப்புனு போடுவாங்க, குழி விழுந்துடும். மர லேன்ல பந்து விழற முன்பக்கமும் பின் நிக்கிற இடமும் மேப்பிள், நடுவுல பைன். மொத்தம் 39 பலகை, படுக்க வைக்காம விளிம்புல நிறுத்தி ஒண்ணோட ஒண்ணு ஆணி அடிச்சுச் சேர்க்கணும்.

எல்லாத்தையும் விட மட்டம்தான் முக்கியம். குறுக்கே 1 மில்லிமீட்டருக்கு மேல ஏற்ற இறக்கம் கூடாது. நான் வேலை பார்த்த ஒரு இடத்துல கூரை ஒழுகி அஞ்சாவது பலகை ஊறி எழும்பிடுச்சு. கண்ணுக்குத் தெரியாது, நகத்தை வெச்சுக் குறுக்கே இழுத்தா டக்குனு தட்டும். நல்லா வந்த பந்து அந்த இடத்துல விலகிப் போகும். பிள்ளைங்க தன் கைதான் சரியில்லைனு நினைச்சு அழுதுட்டுப் போச்சுங்க. மூணு தடவை சொல்லியும் ஓனர் சரி பண்ணல. எனக்கு இன்னும் மனசு ஆறல. உங்க ஊர் ஐப்பசி, கார்த்திகை மழையில மரம் சும்மா இருக்காது. ஹோம்ஸ்டே ஓனர் செலவு பண்ணுவார்னா மேலே சிந்தெடிக் ஷீட் போடச் சொல்லுங்க.

கோத்தகிரி தச்சுப்பட்டறை:
ரொம்ப நன்றிங்கண்ணே. போட்டோல தரையில 7 அம்புக்குறி இருக்கே, அது அழகுக்கா?

லேன் மெக்கானிக்:
அழகுக்கு இல்ல, குறி பார்க்க. 60 அடி தள்ளி நிக்கிற பின்னைப் பார்த்து விடறதை விட 15 அடியில இருக்கற அம்பைப் பார்த்து விடறது சுலபம். 5 பலகைக்கு ஒரு அம்பு, நடு அம்பு 20ஆவது பலகையில வரும். வலது கைக்காரங்க நிறைய பேர் வலப்பக்கத்துல இருந்து ரெண்டாவது அம்பைத்தான் பார்ப்பாங்க. மரத்துல போட்டா பெயின்ட் அடிக்காதீங்க. கறுப்பு மரத்தை வெட்டிப் பதிங்க, உங்க கைக்கு அது நல்லா வரும்.

கோத்தகிரி தச்சுப்பட்டறை:
பின்சுவருக்கு அந்தப் பக்கம் டிரையர் இருந்த ரூம் காலியா கிடக்கு. குழியும் மெஷினும் அங்க அடங்குமானு நாளைக்குக் காலைல ஓனரோட போய் அளந்துட்டு இங்கயே எழுதறேன்.