நுகர்வுச் செலவு ஜிடிபியைத் தாண்டுமா? லெசோத்தோவும் எஸ்வாட்டினியும்

முதுகலை_இரண்டாமாண்டு:
செமினாருக்காக லெசோத்தோவையும் எஸ்வாட்டினியையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டும் தென்னாப்பிரிக்காவை ஒட்டிய குட்டி நாடுகள், இரண்டிலும் ராஜா உண்டு. லெசோத்தோவில் சுமார் 23 லட்சம் பேர், எஸ்வாட்டினியில் 12 லட்சம். வீட்டுச் செலவையும் அரசின் நுகர்வுச் செலவையும் கூட்டினால் லெசோத்தோவில் ஜிடிபியின் (நாட்டுக்குள் நடக்கும் மொத்த உற்பத்தியின்) 100 சதவீதத்துக்கு மேல் போகிறது, அதுவும் வருஷக்கணக்காக. எஸ்வாட்டினியில் அந்த அளவுக்கு இல்லை. டாலருக்கு மாற்றியதில் எங்காவது கோட்டை விட்டேனா?

மசேரு_கணக்கன்:
கணக்கு சரிதான். லெசோத்தோ தலைநகர் மசேருவில் ஒரு கடையில் நான்கு வருஷம் கணக்கெழுதியவன் என்பதால் சொல்கிறேன்.

எங்களுக்கு வருஷம் என்றாலே டிசம்பர்தான். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து ஆட்கள் ஊருக்கு வருவார்கள். போர்வை, மண்ணெண்ணெய் ஸ்டவ், பிள்ளைகளுக்குச் செருப்பு என்று அள்ளிக்கொண்டு போவார்கள். அந்தக் கூலி லெசோத்தோவின் ஜிடிபியில் வராது, ஏனென்றால் தங்கம் தோண்டியது தென்னாப்பிரிக்காவில். நாட்டு மக்கள் வெளியே சம்பாதிப்பதையும் சேர்க்கும் தேசிய வருமானத்தில், அதாவது ஜிஎன்ஐயில், வரும். ஆனால் செலவு முழுக்க லெசோத்தோ வீட்டுக் கணக்கில். 1980களின் கடைசியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பசோத்தோ (லெசோத்தோ மக்கள்) ஆண்கள் அங்கே சுரங்கத்தில் இருந்தார்கள். இப்போது அதில் சிறு பங்குதான் மிச்சம், இருந்தாலும் வெளியிலிருந்து பணம் வருவது நிற்கவில்லை.

அரசுக்கும் அப்படித்தான். 1910இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கப் பகுதிச் சுங்க ஒன்றியத்தின் பொதுப் பெட்டியிலிருந்து இரு நாடுகளுக்கும் பங்கு வருகிறது. அது குறைந்தால் என்ன ஆகும் என்பதை எஸ்வாட்டினி (அப்போது சுவாசிலாந்து) 2011இல் பார்த்தது, அரசு தன் பில்களுக்கே பணம் தர முடியாமல் திண்டாடியது.

இப்படி வெளியிலிருந்து வரும் பணம் இறக்குமதியாகத் திரும்பிவிடுகிறது. எங்கள் கடைச் சரக்கே பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபொன்டைனிலிருந்து லாரியில் வந்ததுதான்.

எஸ்வாட்டினி கதை வேறு. அங்கே கரும்புத் தோட்டங்களும் சர்க்கரை ஆலைகளும் இருக்கின்றன, மட்சபா என்ற ஊரில் கோகோ கோலாவுக்கான அடர்கரைசல் ஆலை இருக்கிறது. உற்பத்தி உள்நாட்டில் நடப்பதால் ஜிடிபி பெரிதாகத் தெரியும். லாபத்தில் ஒரு பகுதி வெளிநாட்டு முதலாளிகளுக்குப் போகும், அது வீட்டுச் செலவாக மாறாது. ஜிடிபியை மட்டும் அடியில் வைத்து வகுத்தால் லெசோத்தோ ஊதாரி மாதிரியும் எஸ்வாட்டினி சிக்கனம் மாதிரியும் தெரியும். ஜிஎன்ஐயால் ஒரு முறை வகுத்துப் பாருங்கள்.

ராண்ட்_ராமு:
இந்த இரண்டு நாட்டுக்கும் டாலரே எதற்கு? லெசோத்தோவின் பணமான லோட்டியும் எஸ்வாட்டினியின் லிலங்கேனியும் தென்னாப்பிரிக்க ராண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று. உள்நாட்டுப் பண எண்களையே பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். டாலரில் போட்டால் ராண்ட் சரிந்த வருஷத்தில் இரண்டு நாடும் சாப்பாட்டைக் குறைத்த மாதிரி வரைபடம் காட்டும்.

முதுகலை_இரண்டாமாண்டு:
ஜிஎன்ஐயால் வகுத்ததில் லெசோத்தோவின் விகிதம் நன்றாகவே இறங்கியது. நன்றி சார். ஒரு சந்தேகம்: சுரங்கக் காசில் கூரைக்குத் தகரம் வாங்கினால் அதுவும் நுகர்வா?

மசேரு_கணக்கன்:
புது வீட்டுக்கு என்றால் முதலீடு. பழைய கூரையில் ஓட்டை அடைக்க என்றால் சின்னப் பழுது, வாடகைக்குக் குடியிருப்பவர் வாங்கினால் நுகர்வில் சேரும். எங்கள் பில்லில் இரண்டுக்கும் 'தகரம்' என்றுதான் எழுதுவோம்.