தானாக முளைத்த ஸ்னாப்டிராகன்: எதை விடுவது, எதைப் பிடுங்குவது?

குன்னூர்வாசி
வணக்கம். போன வருஷம் நர்சரியில் வாங்கி வைத்த ரோஸ் நிற ஸ்னாப்டிராகன் ஆறு செடி. காய்ந்த பூத்தண்டை வெட்டாமல் விட்டதில், இந்த ஜூன் மழைக்குப் பாத்தி முழுக்கப் பாய் விரித்த மாதிரி நாற்று. நடைபாதைக் கல் இடுக்கிலும் முளைத்திருக்கிறது. உயரம் ஓர் அங்குலம். எத்தனையை விடலாம்? எல்லாம் ரோஸாகவே பூக்குமா? பழைய செடிகளில் இலைக்கு அடியில் காப்பிப் பொடி தூவினாற்போல் புள்ளி இருக்கிறது, அது நாற்றுக்கும் வருமா?

மலைமண்
கடைசிக் கேள்விதான் அவசரம். அது துருநோய். விரலால் தடவினால் பழுப்புத் தூள் ஒட்டும், அதே இடத்தில் இலையின் மேல்பக்கம் வெளிறிய மஞ்சள் பொட்டு தெரியும். இந்தப் பூஞ்சைக்கு உயிருள்ள செடி வேண்டும். சமவெளியில் கோடை வெயில் செடியையே முடித்துவிடுவதால் தொடர்ச்சி அறுந்துபோகும். மலையில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு செடி பச்சையாக நிற்கும், பழையதிலிருந்து புதியதற்கு ஏறிக்கொண்டே இருக்கும். தானாக முளைக்க விடுவதில் உள்ள நிஜ வில்லங்கம் இதுதான். நெரிசலைக் கத்தரித்துச் சரிசெய்துவிடலாம்.

ஆறு பழைய செடியையும் இந்த வாரமே வேரோடு எடுத்துவிடுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு பிடுங்கினால் தூள் பறக்காது. உரக்குழியில் போட வேண்டாம், எரித்துவிடுங்கள். நாற்றுக்குத் தண்ணீர் காலையில், தூரில் மட்டும். இலை ஆறேழு மணி நேரம் ஈரமாகவே இருந்தால் பூஞ்சை வித்து முளைத்துவிடும். மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடிக்கலாம். ஆனால் வந்த புள்ளியை அது ஆற்றாது, வரப்போகிற இலையைத்தான் காக்கும். பக்கத்தில் ரோஜா இருந்தால் பயப்பட வேண்டாம், ரோஜாத் துரு வேறு பூஞ்சை.

விதைப்பெட்டி
நெருக்கமாக நிற்பதைப் பிடுங்காதீர்கள், வேர் பின்னியிருக்கும், பக்கத்து நாற்றும் ஆடிப்போகும். சின்னக் கத்தரிக்கோலால் மண்ணோடு ஒட்ட வெட்டுங்கள். இரண்டு ஜோடி இலை வந்ததும் 5 செ.மீ.க்கு ஒன்று. நாலைந்து ஜோடி வந்ததும் குட்டை ரகத்துக்கு 15–20 செ.மீ., உயர ரகத்துக்கு 30 செ.மீ. இடைவெளி. இடம் மாற்றுவதென்றால் மேகமூட்டமான நாளில், ஸ்பூனால் மண்கட்டியோடு. வேர் பிடித்த பின் மூன்று ஜோடி இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். பூ இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும், ஆனால் ஒரு தண்டுக்குப் பதில் நாலைந்து வரும்.

நிறம்? சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் வருகிற அதே கணக்கு: சிவப்புச் செடியையும் வெள்ளைச் செடியையும் கலந்து வந்த ரோஸ் செடியின் விதையில் நாலுக்கு ஒன்று சிவப்பு, இரண்டு ரோஸ், ஒன்று வெள்ளை. தோட்டத்தில் இவ்வளவு சுத்தமாக வராது, வண்டு பக்கத்து வீட்டு மகரந்தத்தையும் கொண்டுவரும். நர்சரிச் செடி எஃப்-1 கலப்பினமாக (இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை) இருந்தால் உயரமும் மாறும். நாற்றின் தண்டைப் பாருங்கள். செம்பழுப்பு ஓடியிருந்தால் பெரும்பாலும் சிவப்பு, ரோஸ் பக்கம். வெறும் பச்சை என்றால் வெள்ளை அல்லது மஞ்சள். களையும்போதே ஓரளவு தேர்ந்தெடுத்துவிடலாம்.

ரோஸ் மட்டும்தான் வேண்டுமென்றால் விதையை நம்பாமல் குச்சி வையுங்கள். மொட்டு வைக்காத பக்கக் கிளை 7–8 செ.மீ., அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் தென்னை நார்க்கழிவும் சரிபாதி கலந்து, நிழலில். மூன்று வாரத்தில் வேர் வரும். துரு பிடித்த பழைய செடியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள், புதுசு பூக்கிற வரை பொறுங்கள்.

குன்னூர்வாசி
நன்றி. அடுத்த வருஷம் இவ்வளவு முளைக்காமல் இருக்க?

மலைமண்
காயைக் கிட்டத்தில் பாருங்கள். காய்ந்ததும் நுனியில் ஓட்டை விழுந்து குட்டி மண்டையோடு மாதிரி இருக்கும். காற்றில் தண்டு ஆடும்போதெல்லாம் உப்பு டப்பாவைக் குலுக்கினது போல் விதை கொட்டும், ஒரு காயில் நூற்றுக்கும் மேல். அடிக்காய்தான் முதலில் முற்றும். அதனால் தண்டில் மூன்றில் இரண்டு பங்கு பூ உதிர்ந்ததும் வெட்டிவிடுங்கள், விதைக்கென்று ஒரே ஒரு தண்டு போதும். விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். வேண்டாத இடத்தில் சில்வர் ஓக் சருகை 5 செ.மீ. மூடினால் பெரும்பாலும் எழாது. ஆனால் கொத்திக் கிளறினால் அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்து மறுபடி முளைக்கும்.

கல் இடுக்கில் நிற்பதில் இரண்டு மூன்றை விட்டுவைக்கலாம். மத்தியதரைக் கடல் பக்கம் இது சுவர் இடுக்கில் வளர்கிற செடிதான். தண்ணீர் தேங்காததால் பாத்திச் செடியைவிட அங்கே வேரழுகல் குறைவு.

கோவை மாடி
நடுவில் ஒரு கேள்வி. கோயம்புத்தூர் மாடியில் தானாக முளைக்குமா?

விதைப்பெட்டி
நம்ப வேண்டாம். மார்ச்சில் விழுகிற விதைக்கு அடுத்து வருவது ஏப்ரல் வெயில். தண்டோடு காகிதப் பையைக் கட்டி விதையைப் பிடித்து, உலர்த்தி, ஃபிரிட்ஜில் வைத்து, அக்டோபர் கடைசியில் குழித்தட்டில் தூவுங்கள். கசகசாவைவிடச் சின்ன விதை, மண் போட்டு மூடக் கூடாது. தண்ணீரும் மேலிருந்து ஊற்றாமல், தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். 10–14 நாளில் முளைக்கும்.